மூன்றாவதாக, எங்கள் அப்பா

வெளிநாட்டுக்குக் குடிபோகப்போகும் மனிதனுக்கு விசா வருவதற்கு முன்பே ஒரு வியாதி வந்துவிடுகிறது. எல்லாம் தனக்குத் தெரியும் என்கிற வியாதி. எனக்கு அது ஐந்து வாரம் முன்னதாகவே வந்தது, கொஞ்சம் முற்றிய நிலையில்.

அப்போது நான் கூடுவாஞ்சேரிக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. ரோடு ஓரத்தில், கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். கம்பெனி போலந்தில் ஒரு கிளை திறந்தது. மூன்று வருடத்துக்குக் குடும்பத்தோடு போகிறீர்களா என்று கேட்டார்கள். கேள்வி முடிவதற்குள் சரி என்றேன். அந்த ஊரின் பெயரில் மெய்யெழுத்துகள் கூட்டமாக நிற்கும். உயிரெழுத்து ஏதோ வழிதவறி வந்தது போல ஒன்றிரண்டு இருக்கும். அதை ஒழுங்காக உச்சரிக்க எனக்கு ஏழு மாதம் ஆனது. ஆனால் கிளம்புவதற்கு முன்பே அந்த ஊரைப் பற்றி, நாங்கள் குடியிருந்த செம்பாக்கம் முழுக்க வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். (மளிகைக்கடை அண்ணாச்சிக்கு அங்கே பனி எத்தனை அடி பெய்யும் என்பது வரை சொல்லியிருந்தேன். அவர் பாவம், மீதிச் சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.)

வீட்டில் நாங்கள் நாலு பேர். மூத்தவள் ரூத், அப்போது பதினொரு வயது, ஆறாம் வகுப்பு போக வேண்டியவள். அதிகம் பேசமாட்டாள். இளையவள் லிடியா, ஏழு வயது. இவள் பேசுவாள். யாரும் இவளுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கவில்லை, அந்தக் குறை பின்னால்தான் தெரிந்தது. என் மனைவி ஹெப்சிபா, கிழக்குத் தாம்பரத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் பதினான்கு வருடமாகக் கணக்கு ஆசிரியை. தமிழ் வழி. பள்ளிக்கூடம் என்றால் என்ன என்று எங்கள் வீட்டில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அதனால்தானோ என்னவோ, பிள்ளைகளுக்குப் பள்ளி தேடுகிற விஷயத்தில் அவளிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தொழிற்சாலையில் என் வேலை, போல்ட் நட் சப்ளை செய்பவர்களுக்கு மார்க் போடுவது. அதே முறையில் பள்ளிகளுக்கும் மார்க் போட்டேன். எக்செல் ஷீட்டில் நாற்பத்து மூன்று வரிசை. நீச்சல்குளத்தின் நீளம், நூலகத்தின் பரப்பளவு, வெப்சைட் படத்தில் மைக்ராஸ்கோப் தெரிகிறதா, எத்தனை நாட்டுக் கொடி பறக்கிறது. ஒரு பள்ளியில் குதிரைகள் இருந்தன. குதிரைக்கென்று தனிக் கட்டம் போட்டேன். என் பிள்ளைகள் இருவரும் அதுவரை குதிரையைப் பார்த்தது மெரினாவில், அதுவும் பயந்து என் பின்னால் ஒளிந்துகொண்டு.

ஒருநாள் ஹெப்சி என் தோளுக்குப் பின்னால் நின்று அந்த ஷீட்டைப் பார்த்தாள்.

"இதுல பிள்ளைங்க எங்க இருக்காங்க?"

"எந்தப் பிள்ளைங்க?"

"நம்ம பிள்ளைங்க."

"அது வேற ஷீட்டு ஹெப்சி. இன்னும் ஆரம்பிக்கல."

அவள் இட்லி மாவு கரைக்கப் போய்விட்டாள். ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஊரில் ஆங்கிலத்தில் பாடம் நடத்தும் பள்ளிகள் மூன்றே மூன்று. குதிரைப் பள்ளி முதல் வாரமே ஆறாம் வகுப்பில் இடமில்லை என்று எழுதிவிட்டது. நீச்சல்குளப் பள்ளி காத்திருப்போர் பட்டியலில் பதினேழாம் இடம் கொடுத்தது. மிச்சம் இருந்தது மூன்றாவது. பழைய வீடு ஒன்றில் நடக்கும் சின்னப் பள்ளி. குளம் இல்லை, குதிரை இல்லை, கொடி ஒன்றே ஒன்று. என் ஷீட்டில் கடைசி மார்க் வாங்கிய பள்ளி. அங்கே ஆறாம் வகுப்பில் ஒரு இடமும் இரண்டாம் வகுப்பில் ஒரு இடமும் காலி. பெற்றோரும் பிள்ளைகளும் வீடியோவில் நேர்முகத்துக்கு வர வேண்டும் என்றார்கள்.

அது கிடைக்காவிட்டால், நான் மட்டும் தனியாகப் போக வேண்டும்; இல்லையென்றால் பிள்ளைகள் ஒரு எழுத்துகூடத் தெரியாத போலிஷ் மொழிப் பள்ளியில் போய் உட்கார வேண்டும். ஹெப்சி ஏற்கெனவே நீண்ட விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழை வாங்கியாகிவிட்டது. (வாங்க வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள் என்று அவள் சொன்னாள். எனக்குத்தான் வியாதி முற்றியிருந்ததே.)

இந்த நெருக்கடியில் நான் ஆலோசனை கேட்டது பாஸ்கரன் சாரிடம். என் சீனியர். இரண்டு வருடம் ஜெர்மனியில் இருந்துவிட்டு வந்தவர். மனைவியை அழைத்துப்போகாமல், பிள்ளைகள் இல்லாமல் இருந்தவர் என்பது எனக்கு அப்போது ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை.

"ஃபார்ம்ல எதையும் சின்னதா எழுதாதீங்க சாமுவேல்" என்றார். "அவங்க வெப்சைட்ல என்னென்ன வார்த்தை போட்டிருக்காங்களோ, அதையே நாம திருப்பிக் குடுக்கணும். அவங்களுக்குக் கண்ணாடி பார்த்த மாதிரி இருக்கும்."

ஃபார்மில் பொழுதுபோக்கு என்று ஒரு கட்டம். மலையேற்றம் என்று எழுதினேன். பரங்கிமலைக்கு ஒருமுறை படிக்கட்டில் ஏறியிருக்கிறோம். பாதிக்கு மேல் லிடியா என் தோளில். மேற்கத்திய இசை என்று எழுதினேன். ரூத் ஆலயப் பாடகர் குழுவில் மூன்றாவது வரிசையில் நிற்கிறாள். அதற்கும் கீழே பெரிய கட்டம் ஒன்று இருந்தது: உங்கள் குடும்பத்தின் கல்விப் பார்வை என்ன?

அதன் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் குடும்பத்தின் கல்விப் பார்வை, 'ஹோம்வொர்க் முடிச்சியா' என்பதுதான். அதை ஆங்கிலத்தில் எப்படி நீட்டுவது? கடைசியில் பாஸ்கரன் சாரின் யோசனைப்படி அந்தப் பள்ளியின் வெப்சைட்டுக்குள் போய்த் தேடினேன். ஒரு மூலையில் அருமையான பத்தி ஒன்று கிடந்தது. 'ஒவ்வொரு குழந்தையும் ஒரு கேள்வியோடு நம்மிடம் வருகிறது. நாங்கள் அதை அவசரப்பட்டுப் பதிலால் மூடுவதில்லை' என்று தொடங்கி ஒரு பக்கம் ஓடியது. எடுத்து ஒட்டினேன். 'நாங்கள்' என்பதை மாற்ற வேண்டிய அவசியம்கூட இல்லை. அவ்வளவு பொருத்தம்.

பிறகு பயிற்சி தொடங்கியது. மே மாதம், கத்திரி வெயில், பக்கத்துத் தெருப் பிள்ளைகள் எல்லாம் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்க, என் மகள்கள் மட்டும் ஹாலில் நின்று, "ஐ ஆம் எ லைஃப்லாங் லேர்னர்" என்று ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். ரூத் அதைத் துக்க வீட்டில் விசாரிக்கிற குரலில் சொன்னாள். லிடியா பாட்டாகப் பாடினாள். நேரத்துக்கு மறந்துவிடுவார்களோ என்று பயந்து சார்ட் பேப்பர் வாங்கி வந்து, பதில்களைக் கொட்டை எழுத்தில் எழுதினேன். மொத்தம் பதினாறு சார்ட்.

வெள்ளிக்கிழமை, நம் நேரப்படி மதியம் ஒன்றரை மணிக்கு நேர்முகம். நான் கோட்டு போட்டிருந்தேன், கல்யாணத்துக்குத் தைத்தது. பொத்தான் ஒன்று ஒத்துழைக்கவில்லை. சாப்பாட்டு மேசை மேல் லேப்டாப். திரையில் ஒரு பெண்மணி வந்தார். ஐம்பது வயதிருக்கும். குட்டையாக வெட்டிய நரை முடி, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. மார்த்தா என்று பெயர் சொன்னார், பள்ளியின் முதல்வர். குசலம் விசாரித்தார். பிறகு, "முதலில் பிள்ளைகளோடு தனியாகக் கொஞ்ச நேரம் பேசுகிறேன். பெற்றோர் வேறு அறையில் இருந்தால் நன்றாக இருக்கும்" என்றார்.

ஹெப்சி எழுந்து உள்ளறைக்குப் போனாள். நானும் எழுந்து, கேமராவுக்குத் தெரியும்படி நாலு அடி நடந்து, குனிந்து, சுற்றி வந்து மேசைக்கு அந்தப் பக்கம் லேப்டாப்புக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் பதினாறு சார்ட். இப்போது நினைத்தால் எனக்கே நம்ப முடியவில்லை. முப்பத்தொன்பது வயது, தரக்கட்டுப்பாட்டுப் பிரிவின் உதவி மேலாளர்.

முதலில் ரூத். நான் முதல் சார்ட்டைத் தூக்கிப் பிடித்தேன். அதற்கான கேள்வியை மார்த்தா கேட்கவில்லை.

"இன்றைக்குக் காலையில் என்ன சாப்பிட்டாய் ரூத்?"

ரூத் என்னைப் பார்த்தாள். என் கையில் இருந்ததைப் பார்த்தாள். அப்பா காட்டுவதை மீறிப் பழக்கமில்லாத பிள்ளை.

"ஐ ஆம் எ லைஃப்லாங் லேர்னர்" என்றாள்.

"அப்படியா" என்றார் மார்த்தா. "அது காலை உணவுக்குப் போதுமானதா?" ரூத்தின் முகம் சிவந்துபோனது. நான் அவசர அவசரமாக இட்லி என்று எழுதப் பேனா தேடினேன். அதற்குள் கேள்வி மாறிவிட்டது. அடுத்த பத்து நிமிடமும் நானும் கேள்விகளும் ஒரே பேருந்தைத் துரத்தி வெவ்வேறு நிறுத்தத்தில் நின்றோம். ரூத் பதில் சொல்வதையே விட்டுவிட்டாள். தலை மட்டும் ஆட்டினாள்.

அடுத்து லிடியா வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு அப்போது முன்பற்கள் இரண்டும் விழுந்திருந்தன. மார்த்தா அவளோடு ஒரு விளையாட்டு ஆடலாம் என்றார்.

"உன் அறையில் எனக்குத் தெரியாத, ஆனால் உனக்குத் தெரிகிற மூன்று பொருள்கள் சொல்லு பார்ப்போம்."

லிடியா உற்சாகமாகச் சுற்றிப் பார்த்தாள்.

"ஒன்று, அம்மாவின் குடை. இரண்டு, வாட்டர் கேன். மூன்றாவதாக, எங்கள் அப்பா."

"அப்பாவா? அவர் எங்கே இருக்கிறார்?"

"உங்களுக்குப் பின்னால். தரையில். சார்ட் பிடித்துக்கொண்டு."

"சார்ட்டில் என்ன எழுதியிருக்கிறது? படித்துக் காட்டுகிறாயா?"

லிடியாவுக்கு ஆங்கிலம் வாசிப்பதில் அந்த வருடம்தான் வகுப்பில் முதல் பரிசு. நிறுத்தி நிதானமாக, காற்றில் விரலால் எழுத்தைத் தொடர்ந்தபடி வாசித்தாள். "ஐ ஆம் எ ரிஸ்க் டேக்கர். பிராக்கெட்டில், ஸ்மைல், வாயை மூடிக்கிட்டு."

பிராக்கெட்டில் இருந்த தமிழையும் அவளே ஆங்கிலத்தில் விளக்கினாள், பல் விழுந்த காரணத்தையும் சேர்த்து.

"மிஸ்டர் சாமுவேல்," என்றது லேப்டாப், "நீங்கள் எழுந்துகொள்ளலாம்."

எழுந்தேன். முட்டி இரண்டும் சத்தம் போட்டன. சார்ட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் மார்போடு அணைத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தேன். உள்ளேயிருந்து ஹெப்சி வந்து நின்றாள். தேர்வு அறையில் பதினான்கு வருடம் பிட் பிடித்த கண் அது. என்னையும் கையில் இருந்ததையும் ஒருமுறை பார்த்தாள். வேறு எதுவும் அவளுக்குத் தேவைப்படவில்லை. வந்து உட்கார்ந்தாள்.

மார்த்தா கோபப்படவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ஒரு தாளைப் பார்த்தார்.

"உங்கள் கல்விப் பார்வை பற்றிய கட்டுரையைப் படித்தேன். மிக நன்றாக இருந்தது."

எனக்கு உயிர் வந்தது. "நன்றி மேடம். மனசிலிருந்து எழுதியது" என்றேன்.

"ஆமாம், என் மனசிலிருந்து" என்றார் மார்த்தா. "அதை எழுத எனக்கு இரண்டு வாரம் ஆனது."

இதற்குப் பிறகு ஒரு நாகரிகமான மனிதன் வாயை மூடிக்கொண்டிருப்பான். நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். இரு தரப்பின் பார்வையும் ஒத்துப்போவது தற்செயல் என்றேன். எங்கள் தொழிற்சாலையில் நல்ல டிசைன் கிடைத்தால் அதையே பின்பற்றுவோம் என்றேன். மலையேற்றம் பற்றியும் கேட்டார். பரங்கிமலையின் உயரத்தை நான் சொன்ன விதத்தில், லிடியாவே திரும்பி என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் காவலாளி ஏழுமலை அண்ணன், மூன்று மாடி ஏறி வந்த மூச்சிரைப்போடு.

"சார், தண்ணி லாரி வந்துகினு கீது சார். உன் வண்டி சம்ப் மூடி மேல நிக்குது. அவன் ரிட்டன் போறேன்றான்."

அந்தக் கோடையில் எங்கள் அடுக்ககத்துக்கு அந்த நிலத்தடித் தொட்டியில் விழும் வாரம் இரண்டு லாரித் தண்ணீர்தான் வாழ்வு. லாரி திரும்பிப் போனால் பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் என்னைத்தான் தேடி வருவார்கள். நான் லேப்டாப்பையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தேன்.

ஹெப்சி திரும்பக்கூட இல்லை. தமிழில், சாதாரணமாகச் சொன்னாள்.

"ஏங்க, நீங்க போய் தண்ணியைப் பாருங்க."

"இல்ல, இன்டர்வியூ..."

"இதை நான் பாத்துக்கறேன். நீங்க தண்ணியைப் பாருங்க."

போனேன். அந்த வெயிலில் கோட்டோடு காரைப் பின்னுக்கு எடுத்து, சுவரில் ஒரு உரசு உரசி, வேறு இடத்தில் நிறுத்தினேன். லாரி டிரைவர் குழாயை இழுத்துக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா சார், கோட்டு மாட்டிகினு வந்துகிறீங்க? கல்யாணமா?"

"இன்டர்வியூ."

"வேலைக்கா?"

"இல்லப்பா. பொண்ணுங்களுக்கு ஸ்கூல்."

"பொண்ணுங்களுக்கு இன்டர்வியூன்னா நீங்க இன்னாத்துக்கு சார் கோட்டு?"

அன்றைக்கு எதிர்கொண்ட கேள்விகளிலேயே அதுதான் நியாயமானது.

மேலே வந்தபோது வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே ஹெப்சி பேசிக்கொண்டிருந்தாள். என் சார்ட் ஒன்றைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்து வெள்ளையில் மார்க்கரால் ஒரு ஷேர் ஆட்டோ வரைந்திருந்தாள். அவளுடைய ஆங்கிலம் பாடப்புத்தக ஆங்கிலம். மெதுவாக வரும், ஆனால் வந்த வார்த்தை நிற்கும்.

"எங்கள் ஊரில் இந்த வண்டியில் ஏழு சீட். ஐந்து பேர் உட்கார்ந்தால் தகு பின்னம். பதினொரு பேர் வந்தால்? என் வகுப்பில் யாரும் சிரிக்காமல் பதில் சொல்வதில்லை. எல்லாரும் அதில் போயிருக்கிறார்கள். அது தகா பின்னம். போலீஸ் நிறுத்துகிறார். ஒரு வண்டி நிறைய ஆட்கள், மிச்சம் நாலு பேர் அடுத்த வண்டிக்குக் காத்திருக்கிறார்கள். ஒன்று, நாலின் கீழ் ஏழு. கலப்பு பின்னம்."

மார்த்தா கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுதிக்கொண்டிருந்தார். "டிரைவர் எந்த சீட்?" என்று கேட்டார். "அவரை எண்ணக் கூடாது. பிள்ளைகள் அதில்தான் தப்பு செய்வார்கள்" என்றாள் ஹெப்சி. இரண்டு பேரும் சிரித்தார்கள். ரூத் அம்மாவின் நாற்காலிக் கைமேல் சாய்ந்து நின்றுகொண்டு, மறந்துபோய் அவளும் சிரித்தாள். காலையில் சாப்பிட்டது இட்லியும் தக்காளிச் சட்னியும் என்று இடையில் அவளாகவே சொல்லியும்விட்டாளாம். அதைப் பிறகுதான் கேள்விப்பட்டேன்.

நான் மெதுவாக உள்ளே போய் ஓரமாக நின்றேன்.

"எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றார் மார்த்தா.

என்னிடம் பன்னிரண்டு கேள்விகள் தயாராக இருந்தன. நீச்சல்குளம் கட்டும் உத்தேசம் உண்டா என்பது முதல் கேள்வி. வாயைத் திறந்தேன். ஹெப்சி பேசத் தொடங்கிவிட்டாள்.

"என் மூத்த மகளை மூன்றாம் வகுப்பில் ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளிக்கு மாற்றினோம். வீடு மாறினோம், அதனால். புதுப் பள்ளியில் ஒரு பருவம் முழுக்க அவள் மதியம் தனியாகச் சாப்பிட்டாள். வகுப்பாசிரியர் நல்லவர். ஐம்பத்திரண்டு பிள்ளைகள், அவர் கண்ணில் படவில்லை. நானும் ஆசிரியைதான். என் கண்ணிலும் படவில்லை. டப்பாவில் தோழிகளுக்கென்று இரண்டு முறுக்கு கூட வை என்று கேட்பவள், ஒன்று போதும் என்று சொன்னாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது."

நாற்காலியை லேப்டாப் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டாள்.

"உங்கள் பள்ளியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிற பிள்ளையை முதலில் யார் பார்ப்பார்கள்?"

நான் ரூத்தைப் பார்த்தேன். அவள் மேசைத் துணியின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் கூடுவாஞ்சேரியிலிருந்து செம்பாக்கம் வந்த வருடம் அது. அந்த வருடம் நான் புது ஃபிளாட்டின் டைல்ஸ் பற்றி எல்லாரிடமும் பேசிக்கொண்டிருந்தேன். இது எனக்குத் தெரியவே தெரியாது.

மார்த்தா பேனாவைக் கீழே வைத்தார்.

"தெரியவில்லை" என்றார். "தெரிந்த மாதிரி ஒரு பதில் சொல்லலாம். அது எங்கள் வெப்சைட்டிலேயே இருக்கிறது, உங்கள் கணவரைக் கேட்டால் சொல்லுவார். ஆனால் நீங்கள் கேட்பது அது இல்லை. எனக்குக் கொஞ்ச நாள் கொடுங்கள்."

அதோடு திரை அணைந்தது.

நான் நாற்காலியில் விழுந்தேன். "போச்சு" என்றேன். "நான் கெடுத்தது பாதி. கடைசியில நீ ஒரு கேள்வி கேட்டு அவங்களையே மாட்டி விட்டுட்ட. இனிமே சீட்டு குடுப்பாங்களா?"

"அவங்க பதில் சொன்னாதான் நான் பிள்ளைங்களை அனுப்புவேன்."

"ஹெப்சி, அவங்கதான் நம்மள செலக்ட் பண்றாங்க."

"நாமளும்தான் பண்றோம்" என்று சொல்லிவிட்டு அவள் பதினாறு சார்ட்டையும் சுருட்டி, பள்ளி திறந்ததும் வகுப்புக்கு உதவும் என்று பீரோ மேல் வைத்தாள்.

அன்று சாயங்காலம் ரூத்தை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனேன். துணி எடுக்கிற சாக்கில். "ஏம்மா, தனியா சாப்பிட்டத என்கிட்ட சொல்லவேயில்ல?" என்று கேட்டேன்.

அவள் கிளிப்புகளைச் சேர்த்துக்கொண்டே யோசித்தாள். "சொன்னா நீங்க ஏதாவது பிளான் போட்டிருப்பீங்கப்பா" என்றாள்.

அடுத்த நாலு நாள் நான் போட்ட ஒரே பிளான், பாஸ்கரன் சாரின் போனை எடுக்காமல் இருப்பது.

செவ்வாய்க்கிழமை மாலை மெயில் வந்தது. எனக்கு இல்லை, ஹெப்சிக்கு. அவள் வாசித்ததை நாங்கள் மூவரும் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தோம்.

திங்களும் செவ்வாயும் மதிய உணவுக் கூடத்தில் போய் உட்கார்ந்திருந்ததாக மார்த்தா எழுதியிருந்தார். மூன்று பிள்ளைகள் தனியாகச் சாப்பிட்டார்கள். ஒரு பெண் விரும்பித்தான் தனியாக இருக்கிறாள், அவளுக்குப் புத்தகம் வாசிக்க வேண்டும். மற்ற இருவரும் அப்படி இல்லை. அவர் வார்த்தையிலேயே சொன்னால்: ஆசிரியர்களைக் கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் இதுவரை தெரியாது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கடைசியில் சூப் ஊற்றுகிற அம்மாவைக் கேட்டேன். அவருக்கு மூன்று பேரின் பெயரும் தெரியும், எந்த வாரத்திலிருந்து என்பதும் தெரியும். அதில் ஒருவனுக்கு வேண்டுமென்றே குறைவாக ஊற்றுகிறாராம். அப்போதுதான் அவன் திரும்ப வந்து இன்னும் கொஞ்சம் கேட்பான், இரண்டு வார்த்தை பேசலாம் என்று. உங்கள் கேள்விக்குப் பதில் அவர்தான். அடுத்த வாரம் முதல் எங்கள் திங்கட்கிழமை ஆசிரியர் கூட்டத்தில் அவரும் உட்காருவார். உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் இங்கே இடம் இருக்கிறது, நீங்கள் எங்களைத் தேர்ந்தெடுத்தால்.

ஹெப்சி அதை இரண்டு முறை படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த ஸ்கூல் போதும்" என்றாள்.

அன்றைக்கு என் நாற்பத்து மூன்று வரிசை ஷீட்டைத் திறந்து பார்த்தேன். சூப் ஊற்றுகிற அம்மாவை எந்தக் கட்டத்தில் போடுவதென்று தெரியவில்லை. மூடிவிட்டேன். ஒரு பெண் ஒரே கேள்வி கேட்டாள், இன்னொரு பெண் தெரியாது என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தாள். இருவருக்கும் நடுவில் கோட்டு போட்டுக்கொண்டு நின்றவன் நான். இன்றுவரை அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என்னைப் பற்றி வெட்கத்தைவிட, அவர்களைப் பற்றிப் பெருமைதான் அதிகமாக வருகிறது.

ஆகஸ்டு கடைசியில் போய்ச் சேர்ந்தோம். பள்ளியின் முதல் நாள் வாசலில் மார்த்தா நின்றிருந்தார். ஹெப்சியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அன்றைக்கு உங்கள் மனைவி தமிழில் உங்களிடம் ஏதோ சொன்னார், நீங்கள் உடனே போய்விட்டீர்கள். இவ்வளவு சின்ன வாக்கியத்துக்கு இவ்வளவு சக்தியா என்று ஆச்சரியமாக இருந்தது. லிடியாவிடம் அர்த்தம் கேட்டேன்."

லிடியா வழக்கம்போல உண்மையைச் சொல்லியிருக்கிறாள். எங்கள் வீட்டில் அப்பாவின் வேலை தண்ணீரைப் பார்ப்பது.

அக்டோபரில் விளையாட்டு விழா. பெற்றோருக்கான பொறுப்புகள் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தன. ஒருவருக்கு முதலுதவி, ஒருவருக்கு கேக், ஹெப்சிக்கு நேரக் கணக்கு. என் பெயருக்கு நேரே ஒரே வார்த்தை: தண்ணீர். யார் போட்டது என்று நான் விசாரிக்கவில்லை.

இது மூன்றாவது வருடம். ஹெப்சி இப்போது புதன்கிழமைகளில் அங்கே கணக்கு மன்றம் நடத்துகிறாள். ஷேர் ஆட்டோவைக் கண்ணால் பார்த்திராத போலிஷ் பிள்ளைகள், டிரைவரை எண்ணாமல் சரியாகப் பின்னம் போடுகிறார்கள். ரூத் மதியம் யாரோடு சாப்பிடுகிறாள் என்று எனக்குத் தெரியும். மூன்று பெண்களின் பெயரும் சொல்வேன், ஒருத்தியின் பெயரை மட்டும் கொஞ்சம் தப்பாக. வீட்டில் நான் எதைப் பற்றியாவது விளக்கத் தொடங்கினால், மூன்று பேரில் யார் முதலில் "தண்ணியைப் பாருங்க" என்று சொல்வது என்பதில் போட்டி.

போன மாதம் விளையாட்டு விழா அன்று காலை, மைதானத்தில் கூடிய பெற்றோர் கூட்டத்தில் துணிந்து கை தூக்கினேன். இந்த வருடமாவது எனக்கு ஸ்கோர் போர்டு கொடுக்கலாமே, எக்செல் எனக்கு நன்றாக வரும் என்றேன். மார்த்தா ஹெப்சியைப் பார்த்தார். ஹெப்சி ஸ்டாப் வாட்சைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே, மைதானத்து ஓரத்தில் இருந்த மேசையைக் காட்டினாள்.

"ஏங்க, இந்த வருஷம் டம்ளர் நிறைய வேணும்."

எண்ணப் போனேன்.